திரை சாய்ந்த கச்சேரி

இல்லைங்க, அது என் வீட்டுக்காரரோட சாமான் இல்ல. எனக்கு வீட்டுக்காரரே கிடையாது. அது என்னோடது. உள்ள இருக்கறது செல்லோ. வயலினோட பெரியண்ணன்னு வச்சுக்குங்க. தோள்ல வச்சு வாசிக்க முடியாது. நாற்காலியில உட்கார்ந்து, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல நிறுத்தி, மார்புல சாய்ச்சு வாசிக்கணும். ஆமாங்க, முழங்காலுக்கு நடுவுலதான். நீங்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாலும் அது அப்படித்தான்.

சாமான் வண்டிக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பினா குளிர்ல பலகை விட்டுப்போகும். அதுக்குன்னு தனி டிக்கெட் வாங்கியிருக்கேன். இது அதோட இடம். கார்டு வந்து பார்த்துட்டுப் போயாச்சு. நீங்க காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்குங்க, மூணு பேரும் வசதியாப் போகலாம்.

சிரிக்கறீங்க. நல்லது. சிரிக்கற மனுஷனோட பயணம் பண்ணலாம். டிரெஸ்டனுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கே. ஒரு பொம்பளைக்கு இது எதுக்குன்னு வாய் வரைக்கும் வந்த கேள்வியை முழுங்கிட்டீங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்றேன். கேட்டுட்டு உங்க இஷ்டம்போல நெனச்சுக்குங்க. நான் செஞ்சது சரின்னு ஒத்துக்கச் சொல்லி யாரையும் நான் கேக்கறதில்ல. செஞ்சது சரிதான். அது எனக்கே தெரியும்.

என் பேர் ஒட்டிலியே ரெஹ்பெர்க். ஊர் லௌபென்டால். ஒரு காகித ஆலை, ஒரு தேவாலயம், ஒரு நாடக அரங்கம், அவ்வளவுதான் ஊர். அப்பா அந்த அரங்கத்து வாத்தியக் குழுவுல முப்பது வருஷம் செல்லோ வாசிச்சார். அம்மா நாங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கறப்பவே போயிட்டா. நாங்கன்னா நானும் என் தங்கை ஹெட்விக்கும். வீட்டுல பையன் இல்ல. அதனால அப்பா எனக்குச் சொல்லிக்குடுத்தார். வீட்டுக்குள்ள வாசிக்கத்தான். நான் வில்லைக் கையில எடுத்தா அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் தெறந்துடுவேன். இப்படியே பத்து வருஷம். ஒருநாள்கூட ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதில்ல.

அப்பா போனப்புறம் ஹெட்விக் பெண்கள் பள்ளிக்கூடத்துல தையல் டீச்சராச் சேர்ந்தா. நான் வீட்டுல பிள்ளைங்களுக்குப் பியானோ சொல்லிக்குடுத்தேன். பியானோன்னா பரவாயில்ல. பொண்ணுங்க பியானோ வாசிக்கலாம், முழங்கால் ரெண்டும் ஒட்டியே இருக்கும். பாடலாம். செல்லோ மட்டும் ஆகாது. ஏன்னு கேட்டா யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, இருமுவாங்க. நீங்களும் இப்ப இருமினீங்க.

ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்து மூணு, குளிர்காலம். எங்க ஊர்ல ஒரு சங்கீத சபை இருந்துச்சு. ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு நால்வர் கச்சேரி. ரெண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு வியோலா, ஒரு செல்லோ. சபைக்குப் பன்னிரண்டு உறுப்பினர். ஆனா வாய் ஒன்னுதான். காகித ஆலை முதலாளியோட விதவை, ஷ்ரெங்க் அம்மா. அவங்களோட ஒரே மகன் ஆல்பின். அந்த ஆல்பினுக்கும் எங்க ஹெட்விக்குக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. மார்ச் கடைசியில கல்யாணம். அது எனக்கு ஞாபகமே இல்லாமப் போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. பொய். எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு.

முதல் கச்சேரிக்கு அஞ்சு நாள் இருக்கறப்ப செல்லோ வாசிக்கிறவர் பனியில வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டார். வெல்டர் எங்க வீட்டுக்கு ஓடி வந்தார். வெல்டர்தான் முதல் வயலின். நல்ல வாசிப்பு, நல்ல மனுஷன், ஆனா தன் நிழலைப் பார்த்தாலும் மன்னிப்புக் கேக்கற ஆளு.

"ஒட்டிலியே, உங்க அப்பா வாசிச்ச பாகமெல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எவ்வளவு தெரியும்?"

"உங்க பாகத்தையும் சேர்த்துத் தெரியும்" அப்படின்னேன்.

வாசிச்சுக் காட்டினேன். மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மறுபடி துடைச்சார். அப்படியே கிளம்பிப் போயிட்டார், தொப்பியை எங்க வீட்டுலயே விட்டுட்டு.

மறுநாள் ஷ்ரெங்க் அம்மா கூப்பிட்டு அனுப்பினாங்க. பெரிய கூடம். அவங்க உட்கார்ந்திருந்தாங்க, என்னை உட்காரச் சொல்லல.

"வாசிக்கத் தெரியுதாம். சந்தோஷம்" அப்படின்னாங்க. "ஆனா மேடையில ஒரு பொண்ணு அப்படி உட்கார்றதைப் பார்க்க என் சபைக்கு யாரும் வர்றதில்ல. குதிரை மேல பொம்பளைங்க உட்கார்றாங்க பாரு, ரெண்டு காலையும் ஒரே பக்கமாப் போட்டு, அப்படி உட்கார்ந்து வாசி."

முயற்சி பண்ணினேங்க. பண்ணலன்னு சொல்லாதீங்க. இடுப்பை ஒரு பக்கம் முறுக்கி, கழுத்தை மறுபக்கம் திருப்பி, செல்லோவை விலா எலும்புல முட்டுக்குடுத்து வாசிச்சேன். சளி பிடிச்ச பசு கத்துற மாதிரி இருந்துச்சு. அந்த அம்மாவே காதைப் பொத்திக்கிட்டாங்க. கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரி, அப்ப திரை வச்சுடலாம்" அப்படின்னுட்டாங்க. அவங்க வீட்டுலேர்ந்தே வந்துச்சு அந்தத் திரை. மூணு மடிப்பு, மரச்சட்டம், பச்சைப் பட்டு. ஆள் உயரத்துக்கு மேல. மேடையில மூணு பேர் வெளிச்சத்துல இருப்பாங்க. நான் மட்டும் ஓரமாத் திரைக்குப் பின்னால.

ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேக்கறீங்க. ஏன்னா, ஐயா, எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. இன்னும் மூணு பேரோட சேர்ந்து வாசிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அவங்க திரைன்னு சொன்னாங்க, நான் சரின்னேன். பாதாள அறைன்னு சொல்லியிருந்தாலும் சரின்னிருப்பேன். அப்ப.

ஹெட்விக்தான் எனக்குன்னு ஒரு பாவாடை தெச்சா. முன்பக்கம் மடிப்பு மேல மடிப்பு வச்சு, எவ்வளவு அகலமா உட்கார்ந்தாலும் கால் தெரியாதபடி, கணுக்கால் வரைக்கும் விழற மாதிரி. "திரைக்குப் பின்னால யாரு பார்க்கப் போறாங்க?"ன்னு கேட்டேன். "யாரும் பார்க்கலன்னாலும் நீ ஒழுங்கா உட்கார்ந்து வாசி, அக்கா" அப்படின்னா. அவ அதிகம் பேச மாட்டா. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். நீங்களே பார்க்கறீங்களே.

முதல் கச்சேரி. எனக்கு அவங்க வில்லும் தெரியல, முகமும் தெரியல. வெல்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னால மூக்கால ஒரு மூச்சு இழுப்பார். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் நான் சேர்ந்தேன். ஒரு இடம் தப்பல. முடிஞ்சதும் சபைக் கூடமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. மூணு பேரும் எழுந்து வணங்கினாங்க. நான் நாற்காலியில உட்கார்ந்து பச்சைப் பட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அடுத்த வாரம் ரொட்டிக் கடையில வரிசையில நிக்கறேன். எனக்கு முன்னால ரெண்டு பொம்பளைங்க.

"திரைக்குப் பின்னால வாசிச்சது யார் தெரியுமா? போலந்துக்காரப் பிரபுவாம். அம்மை போட்டு முகமெல்லாம் போயிடுச்சாம். அதான் யாருக்கும் காட்ட மாட்டாராம்."

"அடப் பாவமே! அதான் அந்த நாதத்துல அவ்வளவு சோகம். என்ன இருந்தாலும் ஆம்பளைக் கை ஆம்பளைக் கைதான்."

ஷ்ரெங்க் அம்மா கட்டிவிட்ட கதை. நான் ரொட்டியை வாங்கிட்டு அவங்க முகத்துக்கு நேரா நின்னு, "பிரபு நலமா இருக்காரு, இப்பதான் பார்த்துட்டு வர்றேன்" அப்படின்னேன். அவங்க நம்பிட்டாங்க! அதுதாங்க எனக்குத் தாங்கல. நம்பிட்டாங்க.

ரெண்டாவது கச்சேரி முடிஞ்சு ஒரு பூங்கொத்து வந்துச்சு. வெள்ளை ரோஜா, பிப்ரவரி மாசத்துல! "துயருற்ற கலைஞருக்கு"ன்னு ஒரு சீட்டு. வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஹெட்விக் படிச்சுட்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்புறம் அவ சிரிப்பை நிறுத்திட்டா. நான் நிறுத்திட்டேன்னு அவ பார்த்திருக்கணும்.

இதுக்கு நடுவுல ஒத்திகையில வெல்டர் ஒரு சேதி சொன்னார். செல்லோக்காரர் கைக்கட்டைப் பிரிச்சாச்சு. ஏப்ரல் கச்சேரிக்கு அவரே வந்துடுவார். அப்படின்னா மார்ச்ல நடக்கற மூணாவதுதான் எனக்குக் கடைசி. அது முடிஞ்சா போலந்துப் பிரபு ஊரைவிட்டுப் போயிடுவார். ஒட்டிலியே ரெஹ்பெர்க்ன்னு ஒருத்தி லௌபென்டால்ல வாசிச்சதே கிடையாது. புரியுதுங்களா? நான் அங்க இல்லவே இல்ல.

மூணாவது கச்சேரிக்கு முந்தின வியாழக்கிழமை. சமையலறையில ரெண்டு பேரும் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தோம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கல. அவளா ஆரம்பிச்சா.

"அக்கா, நீ என்ன பண்ணப் போறேன்னு எனக்குத் தெரியும்."

"என்ன பண்ணப் போறேன்?"

"நீ பேசாம இருந்து நான் பார்த்ததில்ல. ரெண்டு நாளா நீ பேசல."

நான் கிழங்கை உரிச்சேன்.

"ரெண்டு வாரம் பொறு" அப்படின்னா. "கல்யாணம் முடியட்டும். ரெண்டே வாரம்."

"அதுக்கப்புறம் எனக்குக் கச்சேரி கிடையாது, ஹெட்விக்."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கறியா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"பார்க்கலாம்" அப்படின்னேன்.

'பார்க்கலாம்'னுதான் சொன்னேன். சரின்னு சொல்லல. அவ அதைச் சரின்னு எடுத்துக்கிட்டான்னா நான் என்ன பண்ண முடியும்? நான் சத்தியம் பண்ணிக் குடுக்கல. அவளும் திருப்பிக் கேக்கல. திருப்பிக் கேட்டிருந்தா... இல்ல, கேட்டிருந்தாலும் நான் செஞ்சதைத்தான் செஞ்சிருப்பேன். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?

குளிருதா? அந்த ஜன்னல் கண்ணாடியை ஏத்துங்க. வாரைப் பிடிச்சு இழுங்க, ஆங், அப்படித்தான். எனக்கு இல்ல, அதுக்குத்தான். உள்ள இருக்கறது ஆட்டுக் குடல்ல திரிச்ச நரம்பு. காத்து மாறினா உடனே சுருதி இறங்கிடும்.

மூணாவது கச்சேரி ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். உசரமான ஜன்னல், மேடை முழுக்க வெளிச்சம். திரையில ஒரு சின்ன இடுக்கு. அது வழியாப் பார்த்தேன். மூணாவது வரிசையில ஷ்ரெங்க் அம்மா, பக்கத்துல ஆல்பின், ஆல்பினுக்குப் பக்கத்துல ஹெட்விக். சாம்பல் நிற உடுப்பு. கையுறையைக் கழட்டி மடியில வச்சிருந்தா.

ரெண்டாம் பகுதி மெதுவா நடக்கற பகுதி. அதுல ஒரு இடத்துல செல்லோவுக்கு எட்டுக் கட்டம், அதாவது எட்டுத் தாளச் சுத்து, ஓய்வு. மத்த மூணு பேரும் மெல்ல வாசிச்சுக்கிட்டிருப்பாங்க. எட்டுக் கட்டம் முடிஞ்சதும் முக்கியமான ராகம் முழுசும் செல்லோகிட்ட வரும். மத்தவங்க கீழ இறங்கிடுவாங்க. அந்த எட்டுக் கட்டத்துலதான் தள்ளினேன். இதைக் கவனிங்க. நடு வாசிப்புல நான் தள்ளல. சங்கீதத்துக்கு ஒரு குறை வரக் கூடாதுன்னு, எனக்கு வேலை இல்லாத இடமாப் பார்த்து, எண்ணிக்கிட்டே இருந்து, அஞ்சாவது கட்டத்துல இடது காலை நீட்டி ஒரு உதை. எனக்கு ஒழுங்கு தெரியும்.

திரை மெதுவாத்தான் சாஞ்சுது. முதல்ல ஒரு மடிப்பு, அப்புறம் மொத்தமும். முன்னால இருந்த பூந்தொட்டி மேல விழுந்து, மண்ணும் இலையுமா முதல் வரிசை வரைக்கும் சிதறிச்சு. அந்தச் சத்தத்துல வெல்டர் வில்லு நின்னுபோச்சு. ரெண்டாவது வயலினும் நின்னுபோச்சு. வியோலா ஒரு சுரத்தை இழுத்து, அதுவும் நின்னுபோச்சு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஆறு. ஏழு. எட்டு.

ஆரம்பிச்சேன். தனியா. வெளிச்சத்துல, ரெண்டு காலையும் அகட்டி, தங்கச்சி தெச்ச பாவாடை தரையில விரிஞ்சு கிடக்க, ஊர் மொத்தமும் பார்க்க ஆரம்பிச்சேன். யாரோ "ஐயோ"ன்னாங்க. நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. நான் நிமிர்ந்து பார்க்கல. ஒரு சுரம் தப்பல, ஐயா, ஒரே ஒரு சுரம்கூட. முதல்ல வியோலாக்காரர் சேர்ந்துக்கிட்டார். அப்புறம் ரெண்டாவது வயலின். கடைசியா மூக்கால ஒரு மூச்சுச் சத்தம். வெல்டரும் வந்துட்டார்.

மீதி ரெண்டு பகுதியும் வாசிச்சு முடிச்சோம். முடிச்சுட்டு எழுந்து நின்னேன். முதல் தடவையா அந்தக் கூடத்தை முழுசாப் பார்த்தேன். பாதி நாற்காலி காலி. இருந்தவங்க கையை மடியில வச்சுக்கிட்டு, யாராவது முதல்ல ஏதாவது பண்ணட்டும்னு உட்கார்ந்திருந்தாங்க. ஒரே ஒருத்தி எழுந்து நின்னு கை தட்டினா. மூணாவது வரிசையில, பக்கத்துல ரெண்டு காலி நாற்காலி, ஹெட்விக். கண்ணுலேர்ந்து தண்ணி வழிஞ்சுக்கிட்டிருக்கு, துடைக்காமக் கை தட்டிக்கிட்டிருக்கா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பாருங்க, ரெண்டு வாரம் பொறுக்கச் சொன்னவ, இப்ப எவ்வளவு பெருமைப்படறா பாருங்கன்னு நெனச்சேன். ஆனந்தக் கண்ணீர்னு நெனச்சேன். தங்கச்சி அழுதுக்கிட்டே கை தட்டினா வேற என்ன நெனப்பாங்க?

வீட்டுக்கு வந்தோம். நான் பேசினேன், பேசினேன், வெல்டர் முகம் போன போக்கைச் செஞ்சு காட்டினேன். அவ காப்பி போட்டுக் குடுத்தா. "பாவாடை ஓரம் பிரிஞ்சிருக்கு, குடு"ன்னு வாங்கித் தைக்க உட்கார்ந்தா.

திங்கட்கிழமை வெல்டர் வந்தார். வாசல்லயே நின்னார். "நேத்து மாதிரி நாங்க வாசிச்சதே இல்ல, ஒட்டிலியே. நீங்க வாசிச்சது சரி. செஞ்சதும் சரியா இருக்கலாம். ஆனா நான் இந்த ஊர்லயே இருந்து, இந்த ஊர்லயே சாகணும்" அப்படின்னார். விட்டுட்டுப் போன தொப்பியை வாங்கிக்கிட்டுப் போனார். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. கொஞ்சம்தான்.

செவ்வாய்க்கிழமை ஆல்பின்கிட்டேர்ந்து கடிதம். ஹெட்விக் அதை என்கிட்ட காட்டல. நிச்சய மோதிரத்தை ஒரு காகிதத்துல மடிச்சு அவனுக்குத் திருப்பி அனுப்பிட்டா. பள்ளிக்கூடத்துக்கும் ஷ்ரெங்க் அம்மாதான் பெரிய மனுஷி. அதனால ஈஸ்டருக்கு அப்புறம் வர வேண்டாம்னுட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதாப் போச்சு. ஒரு திரை விழுந்ததுக்கே ஓடிப்போறவன் உனக்கு எதுக்கு?" அப்படின்னேன். மே மாசம் கடல் தாண்டி ரீகா நகரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சு, அவ கப்பலேறிப் போயிட்டா.

நானும் கிளம்பிட்டேன். ஒரு பாடகி, ஒரு பியானோக்காரி, நான். மூணு பொம்பளைங்க, ஊர் ஊரா. முதல் வருஷம் எங்களைச் சர்க்கஸ் பார்க்கற மாதிரி பார்க்க வந்தாங்க. வரட்டுமே! பார்க்க வந்தவங்களைக் கேக்க வச்சு அனுப்பினேன். பல்கலைக்கழக ஊர்ல பையன்கள் ஊளையிட்டாங்க. நான் வில்லை மடியில வச்சுக்கிட்டு, அவங்க முடிக்கற வரைக்கும் பொறுத்திருந்து, "உங்க சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு" அப்படின்னு சொல்லிட்டு வாசிச்சேன். இப்ப என்கிட்ட பதினோரு பொண்ணுங்க செல்லோ கத்துக்கறாங்க. ஒருத்திகூட ரெண்டு காலையும் ஒரு பக்கமாப் போட்டு உட்கார்றதில்ல. உட்கார விட மாட்டேன்.

இங்கயே நிறுத்திக்கலாம். எல்லார்கிட்டயும் இங்கதான் நிறுத்துவேன். ஆனா நீங்க, "தங்கச்சியை அப்புறம் பார்த்தீங்களா?"ன்னு கேட்டுட்டீங்க. வேற யாரும் கேக்கறதில்ல. எல்லாரும் திரை எப்படி விழுந்துச்சுன்னுதான் கேப்பாங்க.

பார்த்தேன். எட்டு வருஷம் கழிச்சு. ரீகாவுல எனக்குக் கச்சேரி. அவகிட்டேர்ந்து அதுவரைக்கும் கடிதம் வராம இல்ல. வரும், ஆனா பனி பெய்யுது, பிள்ளைங்க நல்லாப் படிக்கறாங்க, உடம்பைப் பார்த்துக்கோ, அவ்வளவுதான் இருக்கும். எனக்கு அது மனசுக்குள்ள இருந்துச்சு. எட்டு வருஷமா என்கிட்ட கோபமா இருக்கா, அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறா. கச்சேரி அன்னிக்கு மத்தியானம் நேரா அவ பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைங்க போயிட்டாங்க. பெரிய மேசை மேல துணியை விரிச்சு வெட்டிக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டா. கோபக்காரி மாதிரி இல்ல. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

நான் கேக்க வந்ததைக் கேட்டுட்டேன். "எட்டு வருஷமா மனசுல வச்சுக்கிட்டிருக்கே. சொல்லித் தொலை. அந்த ஆல்பின் உனக்கு ஏத்தவனே இல்ல. உன்னை நான் காப்பாத்தினேன்னுகூடச் சொல்லலாம்."

"ஆல்பின் நல்லவன், அக்கா" அப்படின்னா.

"நல்லவனா? உன்னைத் தனியா விட்டுட்டு எழுந்து போனவன் நல்லவனா?"

"விட்டுட்டுப் போகல. என்னைக் கூப்பிட்டான்."

எனக்குப் புரியல. அவ கத்தரிக்கோலைக் கீழ வச்சுட்டுச் சொன்னா. திரை விழுந்ததும் ஷ்ரெங்க் அம்மா எழுந்து, ஆல்பினைத் தாண்டிக் குனிஞ்சு அவ காதுல சொன்னாங்களாம்: "எழுந்து எங்களோட வா. உன் அக்கா செஞ்சதுல உனக்குப் பங்கில்லன்னு ஊர் பார்க்கட்டும். இப்ப வந்தா எல்லாம் முன்ன பேசினபடியே நடக்கும்." அவங்க போயிட்டாங்க. ஆல்பின் போகலயாம். வரிசைக்கு வெளிய நடைபாதையில நின்னு, எல்லாரும் பார்க்கக் கையை நீட்டினானாம். நீட்டின கையை இறக்காம ரொம்ப நேரம் நின்னானாம்.

"அவன் கண்ணு கெஞ்சிச்சு, அக்கா. எனக்கு அவனைப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

நான் கத்திட்டேன். "அப்ப போக வேண்டியதுதானே! நானா உன்னைப் பிடிச்சு உட்கார வச்சேன்? அவன் கூப்பிட்டப்ப ஏன் போகல?"

அவ என்னைப் பார்த்தா. நான் இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேக்கறேனேங்கற மாதிரி பார்த்தா.

"நீ இன்னும் வாசிச்சு முடிக்கலையே" அப்படின்னா.

அவ்வளவுதான் சொன்னா. கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு விட்ட இடத்துலேர்ந்து வெட்ட ஆரம்பிச்சுட்டா. அவ என்ன சொல்லுவான்னு எட்டு வருஷமா யோசிச்சு, ஒவ்வொன்னுக்கும் ஒரு பதில் வச்சிருந்தேன். இதுக்கு வச்சிருக்கல. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். கோணாம, நேரா, ரொம்ப அழகா வெட்டினா.

அன்னிக்குச் சாயந்தரம் நான் மோசமா வாசிச்சேன். ஆரம்பமே தடுமாறிச்சு, மெதுவான பகுதியில சுருதி நிக்கல. மறுநாள் பத்திரிகையில அப்படியே எழுதினாங்க. 'கை இருந்தது, கவனம் இல்லை'ன்னு போட்டிருந்தான். பிடிக்காத விமரிசனம் வந்தா அன்னிக்கே மறுப்பு எழுதித் தபால்ல போடறவ நான். எத்தனை ஊர்ப் பத்திரிகைக்காரனோட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? ரீகாக்காரனுக்கு மட்டும் எழுதல.